காதக்காவும் சத்தம் போடாதவளும்

எங்கள் பிரசவ வார்டின் மூத்த நர்ஸுக்கு நாங்கள் வைத்த பெயர் காதக்கா. மேசையை விட்டு எழாமலே, முனகலை வைத்து யாருக்கு நேரம் நெருங்கிவிட்டது என்று சொல்லிவிடுவாள். நடுக்கட்டில்காரி சும்மா அலட்டுகிறாள், ஓரத்துக் கட்டிலை உள்ளே தள்ளு என்பாள், அப்படியே நடக்கும். டாக்டரம்மாவே அந்தக் காதை நம்பித்தான் சாப்பிடப் போவார். வார்டு நிறைய கர்ப்பிணிகள், பார்க்க நாங்கள் இரண்டே பேர். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், வேறென்ன செய்ய?

அன்று மதியம் சன்னலோரக் கட்டிலில் ஒரு வெளிநாட்டுப் பெண் படுத்திருந்தாள். புருஷனுக்குக் கட்டட வேலை. அவளுக்குத் தலைப்பிரசவம், நம் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. காலையில் சேர்த்ததிலிருந்து அவளிடம் சத்தமே இல்லை. இவளுக்கு நாளைக்குத்தான், தூங்கட்டும் என்று அக்கா தீர்ப்பே எழுதிவிட்டாள்.

வெயில் அடிக்கிறதே என்று சன்னலைச் சாத்தப் போன அக்கா அங்கேயே நின்றுவிட்டாள். அந்தப் பெண் தலையணை நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள். கட்டில் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. விரிப்பெல்லாம் ஈரம், அதுவும் பச்சை நிறத்தில். பிள்ளை உள்ளே திணறி மலம் கழித்துவிட்டால்தான் தண்ணீர் பச்சையாகும். எங்களுக்கு அதைவிடப் பயங்கரமான நிறம் கிடையாது. அக்கா அந்தப் பெண்ணின் வயிற்றில் கருவியை வைத்துப் பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்டாள். அது விட்டு விட்டு, மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தது. அக்கா முகத்தில் ஈயாடவில்லை.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். வராந்தாவில் நின்ற புருஷனிடம், வலி வந்தால் உன் பெண்டாட்டி சொல்லவே மாட்டாளா என்று கத்தினேன். அவன் மிரண்டுபோய் நம் மொழியைத் தேடித் தேடிச் சொன்னான்.

"எங்க ஆளுங்க பிரசவத்துல சத்தம் போட மாட்டாங்க. போட்டா குடும்பத்துக்கே அவமானம்."

காலையிலேயே ஒரு வார்த்தை அவனைக் கேட்டிருக்கலாம். யாருக்குத் தோன்றியது?

டாக்டரம்மா வந்து பார்த்தார். தலை இறங்கிவிட்டது, ஆபரேஷனுக்கு நேரமில்லை, ஆயுதம் போட்டு, கிடுக்கியால் தலையைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும் என்றார். வலி எழும்போது சேர்த்து இழுக்க வேண்டும்.

"வலி வந்தா கத்தச் சொல்லுங்க. இல்லன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

"அவ கத்த மாட்டா டாக்டர். நான் சொல்றேன்" என்றாள் அக்கா.

அக்கா தன் கையை அவள் கைக்குள் வைத்து இறுக்கிக் காட்டினாள். அவளுக்குப் புரிந்தது. அவள் இறுக்கியபோதெல்லாம் அக்கா "இப்போ" என்றாள், டாக்டரம்மா இழுத்தார்.

பிள்ளை வந்தது. கழுத்தில் கொடி சுற்றி, நீலம் பாரித்து, துவண்டு கிடந்தது. சத்தமில்லை. டாக்டரம்மா மூக்கிலும் வாயிலும் குழாய் விட்டு உறிஞ்சினார், காற்றடித்தார். நான் துணியால் முதுகைத் தேய்த்தேன். கும்பிடாத சாமியில்லை.

வலி முடிந்தும் அவள் அக்காவின் கையை விடவில்லை. இன்னும் பலமாக இறுக்கினாள். பிள்ளை இருக்கிறதா என்று கேட்கிறாள். பதிலுக்கு அக்காவும் இறுக்கினாள்.

பிறகு பூனைக்குட்டி போல மெலிதாக ஒரு சத்தம். இன்னொன்று. அப்புறம் வீறிட்ட அழுகை.

அவள் கையைத் தளர்த்திவிட்டுக் கண்ணை மூடினாள், வாய் திறக்கவே இல்லை. காதக்கா தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பிரசவித்தவள்தான் கத்துகிறாள் என்று நினைத்து அடுத்த வார்டிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள்.