சவுரியம்மாள் சொன்ன மருந்து

நூற்றுக்கு அறுபது. வலக்கை முழங்கைக்குக் கீழே போய்விட்டால் ஒரு தொழிலாளி இழக்கிற சம்பாத்தியம் இவ்வளவு என்று சர்க்கார் சட்டத்தில் எழுதியிருந்தது. இடக்கைக்கு ஐம்பதுதான். 1935 கோடையில் ஆம்பூர்த் தோல் கிடங்குகளில் வேலை செய்த அத்தனை பேருக்கும் இந்தக் கணக்கு மனப்பாடம். மாதனூர் தேவசகாயத்தின் கைதான் காரணம். கையை இழந்தவன் அவன். அதற்கு நஷ்டஈடு கேட்டு நடையாய் நடந்தவள் அவன் பெண்டாட்டி சவுரியம்மாள்.

இருவருக்கும் ஹயாத் பாஷாவின் கிடங்கில் வேலை. ஆயில் எஞ்சினில் ஓடும் மிஷினில் தேவசகாயம், தோல் பதனிட ஆவாரம்பட்டையைப் போட்டு அரைப்பான். சவுரியம்மாள் முற்றத்தில் பட்டையைக் காயவைத்துப் பொறுக்குவாள். பட்டைத்தூள் நெஞ்சில் இறங்கி அவனுக்கு ஓயாத இருமல். விடிந்ததும் ஆடாதோடை கஷாயம் காய்ச்சி ஒரு லோட்டா கொடுத்துத்தான் வேலைக்கு அனுப்புவாள். வீட்டில் அதற்கு மருந்து என்று பெயர்.

கிடங்கில் இன்னொரு மருந்து இருந்தது. தோலில் ஒட்டிய சதையைச் சீவும்போது கத்தி கையில் இறங்கினால் காயத்தில் ஊற்ற, மேஸ்திரி கோதண்டபாணி அறையில் எப்போதும் ஒரு புட்டி சாராயம் வைத்திருப்பார். காயத்தில் பாதி, வாயில் பாதி. ஆனால் ஹயாத் பாஷா ஐந்து வேளையும் தொழுகிறவர். அவர் இடத்தில் சாராயம் என்ற சொல்லே வாயில் வரக்கூடாது. அதனால் எல்லோரும் மருந்து என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள்.

மார்ச் மாதம் ஒருநாள் பட்டை மிஷினில் சிக்கிக்கொண்டது. இழுக்கப் போன தேவசகாயத்தின் வலக்கையை மிஷின் உள்ளே வாங்கிக்கொண்டது. எஞ்சினை நிறுத்தியபோது முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை. கோதண்டபாணி புட்டியை எடுத்து நீட்டினார். சவுரியம்மாள் கொஞ்சத்தைக் காயத்தில் ஊற்றினாள். அவன் போட்ட கூச்சலைத் தாங்க முடியாமல் மிச்சத்தை அவன் வாயில் கவிழ்த்தாள். மாட்டுவண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கட்டுப் போட்டவர், ஆள் மேல் சாராய நாற்றம் என்று எழுதி வைத்தார்.

ஹயாத் பாஷா கெட்டவரில்லை. விபத்துக்கென்று சென்னையில் ஒரு கம்பெனியில் இன்ஷூரன்ஸ் கட்டியிருந்தார். முதலில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை பாதிக் கூலி வீடு வந்து சேர்ந்தது. தோழர்கள் கேலி பேசினார்கள். காசி என்கிற சதை சீவுகிறவன், தன் வலக்கையைத் தூக்கிக் காட்டி, இதுவும் விலைக்குத்தான் இருக்கிறது, வாங்குகிற ஆள் இருந்தால் அனுப்பு என்றான். அப்புறம் ஆஸ்பத்திரிக் காகிதம் கம்பெனி கைக்குப் போயிற்று. பணம் நின்றது. குடிபோதையில் பட்ட அடிக்கு நஷ்டஈடு கிடையாதாம்.

சவுரியம்மாள் புருஷனையும் கூட்டிக்கொண்டு முதலாளியிடம் போய் நின்றாள்.

"பேஜார் ஆவாதேம்மா" என்றார் ஹயாத் பாஷா. "கம்பெனி பேச்சை மீறி நான் குடுக்க முடியாது. என் கையில இன்னா இருக்குது?"

தேவசகாயம் தன் கையைப் பார்த்துக்கொண்டான்.

வேலூரில் மனு எழுதிப் பிழைக்கும் முனிரத்தினம் வழக்குப் போட்டுக் கொடுத்தார். சென்னையிலிருந்து வந்த கமிஷனர் துரை வேலூரில் வைத்து விசாரித்தார். கோதண்டபாணி முதல் சாட்சி. முதலாளி எதிரே உட்கார்ந்திருக்கிறார். புட்டி வைத்திருந்ததாக ஒப்புக்கொண்டால் வேலை போய்விடும். அப்படி ஒரு புட்டியே கிடங்கில் கிடையாது என்று சத்தியம் செய்துவிட்டு இறங்கினார்.

மிச்சம் சவுரியம்மாள்தான். அடிபட்ட பிறகுதான் சாராயம் ஊற்றினேன் என்று சொன்னால் போதும் என்று முனிரத்தினம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கூண்டில் ஏறியவள் எதிரே ஹயாத் பாஷாவைப் பார்த்தாள். அந்தச் சொல் வரவில்லை.

"கை போனப்புறம் மருந்து ஊத்தினேங்க" என்றாள்.

கம்பெனி வக்கீல் இன்னா மருந்து என்று கேட்டார். கிடங்கு மருந்து என்றாள். சாராயத்தைத்தான் அப்படிச் சொல்வீர்களா என்று கேட்டார். தலையைக் குனிந்தபடி ஆமாம் என்றாள். மொழிபெயர்ப்பாளர் துரைக்கு இங்கிலீஷில் சொன்னார்.

"சரி. அன்னிக்குக் காலைல உன் புருஷன் இன்னா சாப்ட்டான்?"

"கூழுங்க."

"வேற?"

"மருந்து. தெனம் குடிச்சுட்டுத்தாங்க போவாரு."

வக்கீல் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. துரையைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார். அப்போதுதான் சவுரியம்மாளுக்கு உறைத்தது.

"தொரே, அது கஷாயம். ஆடாதோடை."

"பத்து நிமிஷம் முன்னாடி அது சாராயம்" என்றார் வக்கீல். "கொஞ்ச நேரம் விட்டா பாலாய்டும்." அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். மொழிபெயர்ப்பாளரும் சிரித்துக்கொண்டே அதைத் துரைக்குச் சொன்னார். துரை சிரிக்கவில்லை, பேனாவை எடுத்தார். மனு தள்ளுபடி.

வெளியே வந்ததும் முனிரத்தினம் தலையில் அடித்துக்கொண்டார். எத்தனை தடவை சொன்னேன், மருந்து என்கிற ஒரு சொல்லை விழுங்கத் தெரியவில்லையே என்று அவளை வைதார். கோபம் அடங்கியதும் இன்னொன்றும் சொன்னார்.

"குடிச்சிருந்தாலும் சரி, ஆள் செத்திருந்தா பொஞ்சாதிக்குப் பணம் உண்டு. சட்டம் அப்படி. இவன் பொழைச்சுட்டான், அதான் இல்ல."

இதைத் தேவசகாயத்தை வைத்துக்கொண்டே சொன்னார். அவன் இருமினான். ரொம்ப நேரம் இருமினான்.

ஊர் திரும்ப இருவரும் காட்பாடி ஸ்டேஷனுக்கு வந்தார்கள். ரயில் உள்ளே வரும்போது அவன் பிளாட்பாரத்து ஓரத்தில் நின்றிருந்தான். சவுரியம்மாள் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தாள். கையில் அகப்பட்டது தொங்கிக்கொண்டிருந்த வலக்கைத் துணி.

"வுடு மே" என்றான். "இங்க விழுந்தா கம்பெனி பணம் தராது. வேலை நேரத்துல, மிஷின்ல விழுந்திருக்கணும். அந்த புத்தி அன்னிக்கு வரல."

அவள் ஆம்பூர் வரும்வரை அந்தத் துணியை விடவில்லை.

அந்த வாரமே கோதண்டபாணி ஆள் அனுப்பினார். பட்டை மிஷினில் இடம் காலியாக இருக்கிறது, பெண்ணாள் என்பதால் பாதிக் கூலி, வருகிறாளா என்று கேட்டிருந்தார். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அந்த மிஷினுக்குச் சவுரியம்மாள் பட்டை போட்டாள்.