மஞ்சள் சட்டையில் ஒரு காசு

சுற்றுலா போன கிரேக்கத் தீவில் மீன்பிடிப் படகில் ஆறு பேர் போனோம். எனக்கும் கணவருக்கும் நீச்சல் தெரியாது. திருத்தணியில் ஏது கடல்? கரை மறைந்ததும் காற்று எழுந்தது, படகு ஒருக்களித்தது. தூண்டிலைக் கீழே போட்டேன். வேண்டிக்கொண்டு காசு முடிய மஞ்சள் துணி இல்லை. போட்டிருந்த மிதவைச் சட்டை மஞ்சள்தான். ‘முருகா, கரை சேர்த்துடு’ என்று அதன் நாடாவில் ஒரு காசை முடிந்தேன்.

“இன்னா பண்ணிகினு இருக்க? கம்பிய புடி” என்று கணவர் கத்தினார்.

கரையேறியதும் சட்டைகளைக் கழற்றி வாங்கி, காத்திருந்த அடுத்த குழுவுக்கு மாட்டிவிட்டார்கள். படகு போன பிறகுதான் காசு ஞாபகம் வந்தது.

எங்கள் மொட்டைமாடியில் நின்றால் முருகன் மலை தெரியும். ஊர் திரும்பியதிலிருந்து துணிகளைக் கூடத்திலேயே காயப்போடுகிறேன்.