பின்னால் நடந்த அத்தை

என் கைப்பேசியில் அத்தையின் வீடியோ ஒன்று இருக்கிறது. மலைமேல் எங்கள் ஊரான கவுஞ்சியில், அடுக்கு வயலில், குனிந்து பூண்டு ஊன்றியபடியே அத்தை பின்பக்கமாக நடந்து போகிறாள். முந்தானையை இடுப்பில் செருகியிருக்கிறாள். காலில் தடுமாற்றமே இல்லை. அப்பாவின் தங்கை, தாயில்லாத என்னை வளர்த்தவள். அவள் நடமாடுவதைப் பார்க்க எங்களிடம் இதைவிட்டால் வேறு படம் கிடையாது. எடுத்தவர் சொந்தக்காரர் இல்லை. அவளைப் பொய்க்காரி என்று நிரூபிக்க இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய ஆள்.

பூண்டு மூட்டைகளோடு சந்தைக்குப் போன ஜீப் வளைவில் கவிழ்ந்து, அத்தையின் தலை கம்பியில் மோதியது. காயம் சீக்கிரமே ஆறிவிட்டது, ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முன்னால் அடியெடுத்து வைத்தால் பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும், முழங்கால் வெடவெடக்கும். சும்மா உட்காரப் பிடிக்காமல் ஒரு நாள் வயலுக்குத் தூக்கிப் போகச் சொன்னாள். ஊன்றிய பாத்தியை மிதிக்காமலிருக்க எங்கள் பக்கம் பின்னால் நகர்ந்துகொண்டேதான் பூண்டு ஊன்றுவோம். என் கையைப் பிடித்து நின்றவள் திடீரென்று கூவினாள்.

"ஏலே, இங்க பாரு! காலு பின்னுக்குப் போகுது!"

அதன் பிறகு வீட்டுக்குள்ளும் அப்படியே சுற்றினாள். அடுப்படியில் என்னை முதுகால் இடித்துவிட்டு, "ஹார்ன் அடிக்க மறந்துட்டேன்" என்பாள். வயிறு வலிக்கச் சிரிப்போம். அந்தச் சிரிப்புக்கு இன்றும் ஏங்குகிறேன்.

நஷ்டஈட்டு வழக்கில் கம்பெனி வக்கீல் இந்த வீடியோவைப் போட்டுக் காட்டினார். கோர்ட் கம்ப்யூட்டரில் ஸ்பீக்கர் இல்லாததால் ஊமைப் படமாக ஓடியது. "பின்னால இவ்வளவு அழகா நடக்கிறவங்களுக்கு முன்னால நடக்க வராதா? சுத்த நடிப்பு" என்றார். அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "காசு கெடக்கட்டும்டா. பொய்க்காரின்னு மட்டும் எழுதிரக் கூடாது" என்றாள்.

அடுத்த வாய்தாவில், மதுரையில் அவளுக்கு வைத்தியம் பார்த்த நரம்பு டாக்டரம்மா சாட்சி சொல்ல வந்தார். "ஆமாங்க, பின்னால நல்லாத்தான் நடப்பாங்க. நானே நடக்கவச்சுப் பாத்து எழுதியிருக்கேன். மூளையில காயம் இல்ல. மூளை காலுக்குச் சொல்ற வேலைதான் தடுமாறிப்போச்சு. பழகின நடையில மாட்டிக்கிற காலு, சில பேருக்கு வேற மாதிரி நடந்தா விடுபடும். இந்த நோய்க்கு அதுவே ஒரு அடையாளம். அவங்க வேணும்னு செய்யறது இல்ல" என்றார்.

நீதிபதி அதை ஏற்றுக்கொண்டார். அவள் நடிக்கவில்லை என்று தீர்ப்பில் எழுதியிருந்த வரியை அத்தை என்னைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னாள். டாக்டரம்மா ஏற்பாடு செய்த பிசியோதெரபியில், பின்னால் போன கால் கொஞ்சங்கொஞ்சமாக முன்னாலும் வந்தது. கடைசிவரை சற்று இழுத்து இழுத்துத்தான் நடந்தாள்.

போன வருஷம் காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. இப்போது அட்டுவம்பட்டியில் குடியிருக்கிறேன். ஜன்னலை மேகம் மூடும் சாயங்காலங்களில் வீடியோவை எடுத்துப் பார்ப்பேன். எங்கள் வக்கீலிடம் வாங்கிய இந்தப் பிரதியில், கோர்ட்டில் ஒருவரும் கேட்காத சத்தம் அப்படியே இருக்கிறது. கடைசியில் அத்தை நிமிர்ந்து, படம் பிடிக்கும் ஆளைப் பார்க்கிறாள். டூரிஸ்ட் என்று நினைத்திருப்பாள். பதறிப்போய்க் கையை வீசிச் சத்தம் போடுகிறாள்.

"தம்பி, அந்த வரப்புல நிக்காதீங்க, வழுக்கும்! விழுந்தீங்கன்னா என்னையாட்டம் ஆயிரும்!"