மேகன் செய்த கிறில், நான் கட்டிய தகடு

மூன்று வயதில் வந்த மூளைக்காய்ச்சலை என் தம்பி மேகராசா வென்றான். இரண்டு காதுகளையும் அது கொண்டுபோனது. உயிரைக் கொண்டுபோக முடியவில்லை. போரில் ஷெல் வருகிற சத்தம் கேளாமலே இரண்டு இடப்பெயர்வுகளைத் தாண்டி வந்தான். சித்திரை வருடப்பிறப்புக்குச் சித்தாண்டியில் நடந்த சைக்கிள் ஓட்டத்தில், விசில் கேளாததால் பக்கத்தில் நிற்பவனின் காலையே பார்த்துக்கொண்டு நின்று, எல்லோருக்கும் பின்னால் புறப்பட்டு, இரண்டு வருடம் முதலாவதாக வந்தான். "ஊமையனுக்கா என்ட புள்ளயக் குடுக்கிற?" என்று மூன்று தரம் எங்களைத் திருப்பி அனுப்பிய கிரான் மனிதரின் மகள் வதனியையே கலியாணம் முடித்தான். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன், ஏறாவூரில் றவூப் முதலாளியின் கராச்சில் டிங்கர் வேலை பழகினான். எப்படி நசுங்கிய கதவையும் பசை பூசி மறைக்காமல் தட்டியே நேராக்கும் ஆள் என்று வாழைச்சேனை வரைக்கும் பெயரெடுத்தான்.

இவ்வளவையும் வென்றவனை ஒரு மாதம் தலைகுனிய வைத்தது நான்.

நான் கோணாமலை. அவனுக்குப் பத்து வயது மூத்தவன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். அதே கராச்சில் எனக்கும் வேலை. வண்ணம் அடித்து முடித்த வாகனத்துக்குக் கடைசியாகப் பூட்ட வேண்டிய கண்ணாடி, விளக்கு, ரப்பர், இலக்கத் தகடு எல்லாம் என் பொறுப்பு. அளந்து, துடைத்து, மறுபடி அளந்துதான் எதையும் பூட்டுவேன். வீட்டில் மேகன் என்னைக் குறிக்க வேண்டுமென்றால் இரண்டு விரலை ஒரு விளிம்பில் ஓடவிட்டு, ஒற்றைக் கண்ணை மூடி நேர் பார்ப்பது போலக் காட்டுவான். அதுதான் அவன் கையில் என் பெயர்.

கராச்சில் ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு வேலைச் சீட்டு உண்டு. வேலை செய்தவன் அதன் அடியில் ஒப்பம் வைக்க வேண்டும். மேகனின் சீட்டுகளில் பதினொரு வருடமாக நான்தான் ஒப்பம் வைத்தேன். அவனுக்கு எழுதத் தெரியாது என்று முதல் நாளே முதலாளியிடம் சொன்னதும் நான்தான். அன்றைக்கு அது உண்மை. பிறகும் உண்மைதானா என்று நான் பார்க்கவில்லை. "வேலை நல்லா இரிக்கி கோணாமலை" என்று சீட்டைப் பார்த்துவிட்டு ஆட்கள் என்னிடம் சொல்லிப்போன நாட்களும் உண்டு. எல்லோரையும் நான் திருத்தவில்லை.

2022 நவம்பர் மூன்றாம் வாரத்தில் றிஷாட் என்ற இளைஞன் ஒரு பழைய லான்சர் காரைக் கொண்டுவந்தான். கட்டாரில் ஆறு வருடம் வேலை செய்து திரும்பியவன். முன் பம்பரைக் கழற்றிவிட்டு, விளக்கிலிருந்து விளக்கு வரை ஒரே வலையாகக் கிறில் வேண்டும் என்றான். மேகன் ஒன்பது நாள் இருந்து அதைச் செய்தான். இரும்புக் கம்பியை வளைத்து, தேன்கூட்டுக் கண்களாக ஒட்டி, கறுப்பு அடித்து முடித்தபோது பக்கத்துக் கடைக்காரர்களும் வந்து பார்த்தார்கள்.

பம்பர் போனதால் இலக்கத் தகட்டுக்கு இடமில்லாமல் போயிற்று. மேகன் அதையும் யோசித்திருந்தான். கிறிலுக்குப் பின்னால் இருக்கும் குறுக்குச் சட்டத்திலிருந்து முன்னுக்கு நீளும் இரண்டு இரும்புக் காதுகள் வெட்டி வைத்தான். தகடு அவற்றில் போல்ட் போட்டு இருக்கும், வலையைத் தொடாது. ஆனால் காதுகளுக்கு இன்னும் துளை போட்டு வண்ணம் அடிக்கவில்லை. டிசம்பர் 3, சனிக்கிழமை மத்தியானம் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. வீட்டுக்குப் போகுமுன் தகட்டைக் காட்டி, உள்ளங்கையை என் பக்கம் நிமிர்த்தினான். பொறு, நாளைக்கு நான் பூட்டுகிறேன் என்று அர்த்தம். எனக்கு நன்றாக விளங்கியது.

முதலாளி அன்று கராச்சுக்கு வரவில்லை. பின்னேரம் றிஷாட் வந்தான். மறுநாள் கிரானில் கூட்டாளி ஒருவனின் கலியாணம், கார் வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனான். நாளை வா என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கிறிலில் என் கையும் பட வேண்டும் என்ற ஆசை ஒன்று எனக்குள் இருந்தது. வலையில் துளை போட மனம் வரவில்லை. வயர் கட்டுகிற கறுப்புப் பிளாஸ்ரிக் கேபிள் டைகள் நான்கை எடுத்து, தகட்டின் துளைகள் வழியாக வலையோடு இறுக்கிக் கட்டினேன். இரு பக்கமும் முப்பத்தொரு சென்ரிமீற்றர் சரியாக வந்தது. மிஞ்சிய வால்களை பிளேடால் ஒட்ட நறுக்கினேன். தூர நின்று பார்த்தால் தகடு வலையின்மேல் மிதப்பது போல இருந்தது. றிஷாட் திரும்பி வந்து இரண்டு படம் எடுத்தான். சீட்டில் ஒப்பம் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை அந்தக் கார் கராச்சுக்குள் ஹோர்ன் அடித்தபடி நுழைந்தது. முன் பக்கம் தகடு இல்லை.

"காக்கா! உங்கட கராச்சில நம்பர் பிளேட்ட எச்சிலாலயா ஒட்டுற?" என்று றிஷாட் இறங்கும்போதே முதலாளியைப் பார்த்துக் கத்தினான்.

"சத்தம் போடாமச் சொல்லு மனே. என்ன நடந்த?" என்றார் றவூப் முதலாளி.

"கிரான் ரோட்டுல வெள்ளம். முழங்கால் அளவுதான். எதிர்ல ஒரு பஸ் வந்து அலையடிச்ச. அங்கால ஏறிப் பார்த்தாப் பிளேட்டக் காணல்ல. அதுக்கு மறுகாப் பொலிஸ் புடிச்சிட்டு. வேணுமெண்டு களட்டி வெச்சிட்டு ஓடுறியாடா எண்டு கேக்கான். கார் ரெண்டு நாள் ஸ்டேஷன்ல. நான் கலியாண உடுப்போட மர வாங்கில இருந்த, கள்ளன் மாதிரி. ஆரு இதப் பூட்டின?"

முதலாளி சீட்டை எடுத்துப் பார்த்தார். "ஒப்பம் உன்டதானே கோணாமலை?"

"ஓம் முதலாளி. ஆனா முன்பக்க வேலை முழுக்கத் தம்பிதான். அவனுக்காக நான் வைக்கிறதுதானே, எப்பவும்."

இதில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை. அதற்குப் பிறகு எத்தனையோ தரம் எனக்குள்ளே சொல்லிப் பார்த்துவிட்டேன்.

"காது கேளாத ஆள்ட்டக் குடுத்தா இப்பிடித்தான்," என்றான் றிஷாட். "பூட்டின சாமான் ஆடுதா இல்லயா எண்டு சத்தத்திலதானே தெரியும்!"

மேகன் உள்ளங்கையை வைத்தால் எந்த ஆட்டத்தையும் பிடித்துவிடுவான் என்று எனக்குத் தெரியும். நான் பேசவில்லை. மேகன் அப்போது காருக்கு முன்னால் குந்தியிருந்து வலைக்குள் விரலை விட்டுத் தடவிக்கொண்டிருந்தான். எதையோ எடுத்துப் பார்த்தான். சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

றிஷாட் போன பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டார். "கொஞ்ச நாளைக்கு அவன் கழுவுற பக்கம் நிக்கட்டும். ஆக்கள்ட வாய் அடங்கட்டும். நீயே அவனுக்கு விளங்கப்படுத்து."

நான்தான் விளங்கப்படுத்தினேன். கார், தண்ணீர், தகடு போயிற்று, கார்க்காரனுக்குக் கோபம், நீ கழுவுகிற இடத்துக்குப் போ. என் கைகள் இதையெல்லாம் ஒழுங்காகச் சொல்லின. ஏன் நான் என்று அவன் கேட்டான். நான் கண்ணை வேறு பக்கம் திருப்பினேன். பேசுகிறவன் வாயைப் பொத்துவது எப்படியோ, மேகனிடம் கண்ணைத் திருப்புவது அப்படி. அதற்குமேல் அவனால் என்னிடம் எதையும் கேட்க முடியாது.

கராச் பூட்டும் வெள்ளிக்கிழமைகளைக் கழித்தால் இருபத்தெட்டு நாள் அவன் வாகனம் கழுவினான். மழைக்காலம்; சக்கரங்களில் வயல் சேறு அப்பியிருக்கும். அவன் கழற்றி நேராக்க வேண்டிய கதவுகளை வேறொருவன் தட்டிக்கொண்டிருக்க, இவன் முழங்காலளவு சப்பாத்தோடு குழாய் பிடித்து நின்றான். தட்டுகிற இடத்தில் பிழை நடந்தால் தூரத்திலிருந்தே அவன் முகம் சுளிப்பதைப் பார்ப்பேன். என் பக்கம் திரும்புவான். நான் குனிந்து திருகாணி தேடுவேன்.

ஜனவரி 6, வெள்ளிக்கிழமை, கராச் பூட்டு. அவன் வீட்டுக்குப் போனேன். மேகன் குளிக்கப் போயிருந்தான். வதனி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, நெருப்புப்பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினாள்.

"அத்தான், இது என்ன சாமான்?"

உள்ளே கறுப்புத் துண்டு ஒன்று கிடந்தது. வால் ஒட்ட நறுக்கப்பட்டிருந்தது. "கேபிள் டை," என்றேன்.

"இவர்ட சேட்டுப் பைக்குள்ள கிடந்த. உடுப்புக் கழுவக்குள்ள எடுத்து எறியப் போனன், கையப் புடிச்சிட்டார். ஆருட எண்டு கேட்டன். இப்பிடிக் காட்டினார்." அவள் இரண்டு விரலை மேசை விளிம்பில் ஓடவிட்டு ஒற்றைக் கண்ணை மூடினாள்.

நான் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

"முதலாளிக்கிட்டப் போய்க் காட்டுங்களன் எண்டு சண்ட புடிச்சன். அண்ணன் சொல்லுவார் எண்டு காட்டுறார். ஒரு மாசமா அதத்தான் காட்டுறார்." அவள் பெட்டியை மூடினாள். "நான் உங்களக் குத்திக் கதைக்கல்ல அத்தான். தேத்தண்ணி ஆறுது, குடியுங்க."

இதைக் கேட்ட பிறகும் சனிக்கிழமை நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் சொல்லவில்லை. இரண்டு நாளும் தம்பி சேறு கழுவுவதைப் பார்த்துக்கொண்டு விளக்குப் பூட்டினேன்.

திங்கட்கிழமை காலை றிஷாட் வந்தான். கையில் அந்தத் தகடு. "வெள்ளம் வத்த, ஆரோ ஒரு மனிசன் வேலிக் கம்பியில கொழுவி விட்டிரிக்கார், காயப்போட்ட துண்டு மாதிரி. கூட்டாளி கண்டு எடுத்து வெச்ச. இந்தா, பூட்டுங்க. ஆனா அந்தச் செவிடன் மட்டும் என்ட காருக்குக் கிட்ட வரப்படா."

நான் தகட்டை வாங்கினேன். ஒரு மூலை வளைந்திருந்தது. அதைத் தட்டி நேராக்க வேண்டும் என்றதும் என் கண் தானாகவே கழுவுகிற பக்கம் போனது. அவன் குழாயைப் பிடித்தபடி தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"முதலாளி, அண்டைக்கு இதக் கட்டினது நான்," என்றேன்.

"என்ன சொல்றா?"

"தம்பி காய்ச்சல்ல வீட்ட போயிட்டான். நாளைக்குத் தான் பூட்டுறன், பொறு எண்டு காட்டிட்டுத்தான் போன. நான்தான் கேட்கல்ல. கேபிள் டையால கட்டினன். அவனுக்கு இதில ஒண்டும் இல்ல."

றிஷாட் என்னை மேலும் கீழும் பார்த்தான். "ஒரு மாசமா வாய் பேசாம இரிந்தது நீங்களா அண்ணன்?" என்றான்.

முதலாளி கோபப்படவில்லை. அது என்னை இன்னும் கூச வைத்தது. "எனக்கு ஏன் சொல்றா? அவன்ட மூஞ்சியப் பார்த்துச் சொல்லு," என்றார்.

கழுவுகிற இடத்துக்கு நடந்தேன். மேகன் குழாயை நிறுத்தினான். என் பெயரை என் கையாலேயே காட்டினேன், தகட்டைக் காட்டினேன், கட்டியது போலக் காட்டினேன், நெஞ்சில் அடித்துக்கொண்டேன். இந்தமுறை கண்ணைத் திருப்பவில்லை. அவன் சிரிக்கவில்லை, தோளில் தட்டவும் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு, என் கையிலிருந்த தகட்டை எடுத்துக்கொண்டு, என்னைத் தாண்டிப் போனான். தட்டுகிறவனிடம் சுத்தியலுக்குக் கை நீட்டினான்.

மூலையை நேராக்கினான். தட்டில் கிடந்த இரும்புக் காதுகளுக்குத் துளை போட்டு, கறுப்பு அடித்துக் காயவைத்து, சட்டத்தில் இறுக்கி, தகட்டைப் பூட்டினான். எஞ்சினை எழுப்பச் சொல்லி றிஷாட்டுக்குக் காட்டினான். உள்ளங்கையைத் தகட்டில் வைத்துக்கொண்டு நின்றான். ஒரு போல்ட்டை மட்டும் இன்னும் கால் திருகு திருகினான். மறுபடி கை வைத்தான். போதும் என்று தலையசைத்தான். றிஷாட்டும் தன் கையை அதில் வைத்துப் பார்த்தான். "ஒண்டும் அசையல்ல," என்றான் மெதுவாக.

வேலைச் சீட்டு வந்தது. பழக்கத்தில் என் கை பேனைக்குப் போனது.

"பேனைய வை," என்றார் முதலாளி. "செஞ்சவன் வைக்கட்டும்."

அவனுக்கு எழுதத் தெரியாதே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மேகன் பேனையை எடுத்துவிட்டான். வதனி நான்கு வருடமாக வீட்டில் அவனுக்கு எழுத்துப் பழக்கியிருந்தது எனக்குத் தெரியாது, நான் கேட்டதில்லை. ஒவ்வொரு எழுத்தாக, கோட்டுக்கு மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல், மேகராசா என்று எழுதினான். பிறகு சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்து, என் ஒப்பங்கள் எதற்கும் நான் ஒருநாளும் போடாத திகதியைப் பக்கத்தில் போட்டான்: 2023 ஜனவரி 9.