கதவுப் பலகையில் ஒரு டேஷ்போர்டு

1. புகை

ஜீப் டிராக்டருக்குப் பின்னால் கயிற்றில் கட்டி இழுபட்டு வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தவர் செல்லையா அண்ணாச்சி. புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரம். மலையடிவாரத்தில் தோட்டம். அந்தப் பாதையில் லோடு ஆட்டோ ஏறாது. இந்தப் பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் ஒன்றுதான் ஏறும்.

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் என் கடை. ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை. வாசலில் ஜீப்பை நிறுத்தியதும் டேஷ்போர்டைப் பார்த்தேன். தகரம் கறுத்து, பெயிண்ட் கொப்பளித்திருந்தது. உள்ளே வயர்கள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பேட்டரியிலிருந்து வரும் மெயின் வயர் தகர விளிம்பில் உரசி உரசித் தோல் போயிருக்கிறது. அந்த வயருக்கு ஃபியூஸ் கிடையாது. பழைய ஜீப் அப்படித்தான்.

"ஓடையில எறங்குதேன், சாம்பிராணி போட்ட மாதிரி பொகை வருது. குதிச்சிட்டேன். இந்த வயசுல என்னையக் குதிக்க வச்சிட்டு பாத்தியா" என்றார்.

"பேட்டரி வயர உருவுனியளா?"

"உருவாம? இல்லேன்னா நீ என் சாம்பலுக்குல்லா வயரிங் போட்டுருக்கணும்."

நான் சிரிக்கவில்லை. வலது கையைத் தூக்கிக் காட்டினேன்.

2. கை

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆல்டர்னேட்டர் வயரை ஆட்டிப் பார்க்கக் கையை விட்டேன். ஃபேன் பெல்ட் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் விரல்களைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அவர்களை இன்றும் நினைத்துக் கும்பிடுகிறேன். ஆனால் மூன்று விரல் மடங்காது.

எங்கள் வேலை முழுக்க விரல் நுனியில் இருக்கிறது. தோல் உரிக்க, முறுக்க, வயர் நுனியில் லக் என்கிற பித்தளை முனையை வைத்து அமுக்க, சந்துக்குள் கை விட்டு நட்டைத் திருப்ப. எதுவும் முடியவில்லை. கடையைத் திறந்து வைத்து உட்கார்ந்திருப்பேன். வருகிறவர்கள் கையைப் பார்ப்பார்கள். "வாரேன்" என்பார்கள். வரமாட்டார்கள். நானும் அவர்கள் இடத்தில் அப்படித்தான் செய்திருப்பேன்.

ஒரு நூல் மில்லில் வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தேன். மாதம் முடிந்ததும் கடைச் சாவியைக் கட்டிட ஓனரிடம் கொடுத்துவிட்டு அங்கே போவதாக முடிவு. அண்ணாச்சியிடம் அதையே சொன்னேன். வேறு கடைக்கு வழியும் சொன்னேன்.

"கைதான போச்சு? வாய் இருக்குல்லா? நீ சொல்லு, எவனாவது செய்யட்டும்."

"எவன் வருவான் அண்ணாச்சி?"

"அது உன் பாடு வே. வண்டிக்குப் பின்னால நீ வயரிங் போட்ட லைட்டு இன்னிக்கும் எரியுது. முன்னால டேஷ்போர்டுல எவனோ போட்டான், பொகைஞ்சுது. எனக்கு அது போதும்."

கயிற்றை அவிழ்த்தார். டிராக்டரில் ஏறிப் போய்விட்டார். ஜீப் என் கடை வாசலில் நின்றது. இது ஒன்றைச் செய்து பார்ப்போம், ஓடவில்லை என்றால் மில் வாசலுக்குக் காவலுக்குப் போய்விடுவோம் என்று நினைத்துக்கொண்டேன்.

3. பாவு

என் மனைவி கோமதி விசைத்தறிக் கூடங்களில் பாவு பிணைக்கிறவள். தறியில் பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், தீரப்போகும்போது பழைய இழை ஒவ்வொன்றின் நுனியிலும் புது இழையை வைத்து, சாம்பல் தொட்ட விரலால் முறுக்கி ஒட்ட வேண்டும். ஒரு பாவுக்கு ஆயிரக்கணக்கில் இழை வரும். ஒன்று மாறினாலும் துணி காட்டிக் கொடுத்துவிடும்.

மறுநாள் மத்தியானம் சோறு கொண்டு வந்தாள். நான் இடது கையில் கட்டரை வைத்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

"என்ன செய்யுதிய?"

"எல்லாத்தையும் அறுத்து எடுக்கேன். புதுசா போடணும்."

"எல்லாத்தையும் அறுத்துட்டா எது எங்க போச்சுன்னு எப்பிடித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரியும். செய்யப் போறது யாரு?"

தூக்குவாளியை வைத்துவிட்டு டேஷ்போர்டுக்குக் கீழே குனிந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நாங்க என்ன, பழைய பாவ அறுத்து எறிஞ்சிட்டா புதுசப் போடுதோம்? ஒண்ண எடுத்தா அந்த எடத்துல ஒண்ணப் போடணும். தூரமாப் போறதுக்கு, பழசு நுனியில புதுசக் கட்டி இழுத்தா அதுவே போயி நின்னுரும்."

நான் பார்த்து வந்த அத்தனை வருஷ வேலையில் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் புதுசு இழுப்பேன். யார் வேலை செய்தாலும் அப்படித்தான். அவள் சொன்னது எனக்குத் தோன்றியதே இல்லை.

"சாப்பிடுங்க. நாளைக்குத் தறிக்கு வரலன்னு சொல்லிட்டு வாரேன்" என்று போனாள்.

மறுநாள் முதல் நான் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்வேன். அவள் சீட்டைக் கழற்றிய இடத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டு செய்வாள். வயர்களின் கலர் எல்லாம் கருகிப் போயிருந்ததால், இருந்த இடத்தை வைத்துத்தான் அடையாளம். இக்னிஷன், ஹாரன், ஹெட்லைட் சுவிட்ச் என்று நான் பெயர் சொல்லுவேன். அவள் அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் தொடுவாள். மெயின் வயருக்கு முதலில் ஃபியூஸ் வைத்தோம்.

ஆரம்பத்தில் லக்கை பிளையரில் நசுக்கிவிட்டாள். கத்தினேன்.

"நூலு இப்பிடி மொரண்டு பண்ணாது. ஒங்க கம்பிக்கு ஒங்க கொணந்தான்" என்றாள். அடுத்த லக் சரியாக உட்கார்ந்தது.

பக்கத்தில் பஞ்சர் கடை மாரியப்பன். என்னைவிட இளையவன். எட்டிப் பார்த்தான்.

"முருகண்ணே, மதினிய வண்டிக்குள்ள தள்ளிட்டு நீங்க ஸ்டூல்ல நாட்டாமையா?"

ஜீப்புக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "கொழுந்தனாரே, ஒங்க பஞ்சர் ஒரு நாளைக்கு மேல நிக்க மாட்டேங்குன்னு ஊரே சொல்லுது. மொதல்ல அதப் பாருங்க."

மாரியப்பன் போய்விட்டான்.

4. தேக்கு

பழைய தகர டேஷ்போர்டு துருப்பிடித்து உதிர்ந்தது. அண்ணாச்சி ஒரு தேக்குப் பலகையைக் கொண்டு வந்தார். இடித்த பழைய வீட்டின் வாசக்கதவு.

"தகரம் துருப்புடிக்கும். தேக்கு உன்னையும் என்னையும் அனுப்பி வச்சிட்டு நிக்கும்" என்றார்.

எனக்கும் சரியென்று பட்டது. ஆசாரி மீட்டர்களுக்கு வட்டம் வட்டமாக அறுத்து, பாலீஷ் போட்டுக் கொடுத்தார். பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. மீட்டர், சுவிட்ச் எல்லாம் ஏற்றி முடித்த அன்று அண்ணாச்சியை வரச் சொன்னேன்.

பேட்டரி கனெக்ஷன் கொடுத்தோம். ஹெட்லைட் எரிந்தது. ஹாரன் அடித்தது. ஸ்டார்ட்டரைத் தட்டியதும் எஞ்சின் பிடித்தது. கோமதி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். ஆனால் டீசல் மீட்டர் முள் அசையவில்லை. டெம்பரேச்சர் அசையவில்லை. ஆயில் பிரஷரும் அப்படியே. மீட்டருக்குள் இருக்கிற லைட்டும் இல்லை.

டெஸ்ட் லாம்பின் ஒரு முனையை வண்டி பாடியில் மாட்டி, மறு முனையை இடது கையில் பிடித்து மீட்டர் மீட்டராகக் குத்திப் பார்த்தேன். எல்லா இடத்திலும் கரண்ட் வருகிறது. மீட்டர் மட்டும் செத்துக் கிடக்கிறது. மறுபடியும் பார்த்தேன். அதேதான். கை மட்டும்தான் போனது என்று நினைத்திருந்தேன். தலையும் போய்விட்டதோ என்று பயம் வந்தது. மில் வாசல் கண்ணுக்கு முன்னால் வந்தது.

அண்ணாச்சி மீட்டர் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தார். அது திட்டுவதைவிட மோசம்.

கோமதி கேட்டாள். "கரண்ட்டு இதுக்குள்ள போகுதுன்னு சொல்லுதிய. போனது எப்பிடித் திரும்பி வருது?"

"பாடி வழியா. தகரத்துல முட்டி, சேஸிஸுக்கு வந்து, பேட்டரிக்கு."

"இங்கன தகரம் எங்க இருக்கு?"

தேக்குப் பலகையைப் பார்த்தேன். தகர டேஷ்போர்டில் மீட்டரை மாட்டினாலே எர்த், அந்தத் திரும்பும் வழி, கிடைத்துவிடும். அதற்கு வயர் போட்டுப் பழக்கமே இல்லை எனக்கு. மரத்தில் எர்த் எங்கிருந்து வரும்? ஒன்றை எடுத்தால் அந்த இடத்தில் ஒன்றைப் போடு என்று கோமதி அன்றைக்கே சொன்னாள். தகரத்தை எடுத்தோம். அதன் வேலையைச் செய்ய எதையும் போடவில்லை.

ஒரு கறுப்பு வயரை எடுத்து எல்லா மீட்டரின் முதுகையும் தொட்டுக் கட்டி, பாடியில் பெயிண்டைச் சுரண்டி ஒரு போல்ட்டில் இறுக்கச் சொன்னேன். இறுக்கினாள். மூன்று முள்ளும் எழுந்தன. மீட்டர் லைட்டில் தேக்கு மினுங்கியது.

"ஏலே, டேங்கு காலியாகப் போவுதுன்னு காட்டுது, ஒழுங்காத்தான் வேல செய்யுது" என்றார் அண்ணாச்சி.

அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

5. பிறகு

மழைக்காலத்தில் அண்ணாச்சி ஒரு சிப்பம் எலுமிச்சையோடு வந்தார். நான் எழுந்து வாங்கப் போனேன். "உனக்கில்ல வே" என்று கோமதியின் காலடியில் இறக்கினார். ஜீப் அன்றைக்கும் மலையிலிருந்துதான் இறங்கி வந்தது.

மில் வேலைக்கு நான் போகவில்லை. கோமதி இப்போது தறிக்குப் போவதில்லை. அவளுக்கென்று தனி பிளையர், தனி கட்டர். நான் தொடக்கூடாது. என் வலது கை டெஸ்ட் லாம்பைப் பிடிக்கிற அளவுக்கு வந்திருக்கிறது. அது போதும்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு இரண்டு சொல்லுவேன். ஓடுகிற எஞ்சினில் கையை விடாதே. கரண்ட் போகிற வழியைப் பார்ப்பதற்கு முன்னால் திரும்பி வருகிற வழியைப் பார். முதலாவதை நானாகத் தெரிந்துகொண்டேன். இரண்டாவது அவள் கேட்டது.

போன வாரம் மாரியப்பன் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தான். ஹாரன் அடிக்கவில்லை. நான் ஸ்டூலிலிருந்து எழுந்தேன்.

"மதினி இல்லையாண்ணே?"

"சந்தைக்குப் போயிருக்கா. விடு, நான் பாக்கேன்."

வண்டியைத் திருப்பினான். "பரவால்லண்ணே. நாளைக்கு வாரேன்."