கமிஷனர் சாப்பிட ஆட்சேபணை இல்லை

நிலத் தகராறு என்றால் நீதிபதி தோட்டம் தோட்டமாகப் போய்ப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஒரு வக்கீலைக் கமிஷனராக நியமித்து, நேரில் போய்க் கண்டதை எழுதிக்கொண்டு வரச் சொல்லுவார். இப்போது வழக்கையே ஆன்லைனில் தாக்கல் செய்கிறோம். வேலியைப் பார்க்க மட்டும் இன்னும் கால் கடுக்க நடக்க வேண்டியிருக்கிறது. எனக்கு முதல் கமிஷன் கிடைத்த சந்தோஷத்தில், இஸ்திரி போட்ட கோட்டையே மறுபடியும் இஸ்திரி போட்டேன்.

பெருந்துறைக்குத் தெற்கே ஒரு தோட்டம். அண்ணன் வாதி, தம்பி பிரதிவாதி. தம்பியின் நிலம் தார் ரோட்டை ஒட்டி இருந்தது. அண்ணனின் வீடும் தென்னந்தோப்பும் அதற்குப் பின்னால். தம்பி நிலத்தின் ஊடாக ஒரு வண்டித்தடம் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் அண்ணன் தோப்புக்கு வந்த தேங்காய் லாரி தம்பியின் சொட்டுநீர்க் குழாயை நசுக்கிவிட்டது. அண்ணன் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்பி இரண்டு நிலத்துக்கும் நடுவே இரும்புக் கேட் போட்டுப் பூட்டிவிட்டார். கோர்ட்டில், அங்கே தடம் என்ற ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததே இல்லை என்று பதில் தாக்கல் செய்தார். இல்லாத தடத்துக்குக் கேட் எதற்கு என்று எனக்கு அப்போதே கேட்கத் தோன்றியது. ஆனால் கமிஷனர் கருத்துச் சொல்லக் கூடாது.

அண்ணன் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். தடம் திறக்காவிட்டால் கல்யாணக் கார் வீட்டு வாசலுக்கு வராது. மணப்பெண் கூரைப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சுற்றிப் போகும் வரப்பு வழியாக ரோட்டுக்கு நடக்க வேண்டும். அண்ணனுக்கு அந்த ஒரே கவலைதான். என்னைப் பார்த்ததும் அதைத்தான் சொன்னார்.

கமிஷனருக்கு எழுதாத விதி ஒன்று உண்டு. எந்தத் தரப்பு வீட்டிலும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. ஒருவர் கொடுத்த இளநீரைக் குடித்தால் போதும், கமிஷனர் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று அடுத்தவர் ஆட்சேபணை போடுவார். ரிப்போர்ட் குப்பைக்குப் போகும். அதனால் நான் எலுமிச்சைச் சோறு கட்டிக்கொண்டு போயிருந்தேன். காலையிலிருந்து இரண்டு வீட்டு உபசாரத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு மறுத்தேன். காபி, மோர், முறுக்கு எல்லாம் வந்து வந்து திரும்பிப் போயின. என்னோடு வந்த சர்வேயர் என்னை மனதுக்குள் திட்டிக்கொண்டே அளந்தார். இரண்டு தரப்பு வக்கீல்களும் பின்னாலேயே வந்தார்கள்.

மதியம் கேட்டுக்குப் பக்கத்தில், தம்பி நிலத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். அவ்வளவுதான். கேட்டுக்கு அந்தப் பக்கம் அண்ணன் மனைவி, இந்தப் பக்கம் தம்பி மனைவி.

"ஏனுங்க, எங்க தோட்டத்துக்கு வந்துபோட்டு டப்பாச் சோறு திங்கறதுங்களா? நாலு பேரு கேட்டா என்ன சொல்லுவாங்க?" என்றார் அண்ணன் மனைவி.

"டப்பாவ மூடுங்க அம்மணி. எங்கூட்டுல சோறு வடிச்சாச்சு," என்றார் தம்பி மனைவி.

விதியைச் சொன்னேன். இரண்டு பேருக்கும் முகம் வாடிவிட்டது. கேஸில் தோற்றாலும் தாங்குவார்கள், விருந்தாளி பட்டினியாகப் போவதைத் தாங்க மாட்டார்கள் போலிருந்தது. எனக்கும் பசி. எரிச்சலில் சொன்னேன்: "ரெண்டு தரப்பு வக்கீலும் எழுத்துல கொடுத்தா சாப்பிடறேன்."

விளையாட்டாகச் சொன்னதை அவர்கள் வினையாகவே எடுத்துக்கொண்டார்கள். ஸ்கூட்டர் சீட்டின் மேல் பேப்பரை வைத்து இரண்டு வக்கீல்களும் சேர்ந்து மெமோ எழுதினார்கள். கமிஷனர் இரு வீட்டு உணவையும் உண்பதில் எவருக்கும் ஆட்சேபணை இல்லை. இதனால் எத்தரப்பின் உரிமைக்கும் பாதகம் இல்லை. கையெழுத்தும் போட்டார்கள். அப்படி ஒரு மெமோவை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

தம்பி மனைவி இலை போட்டுச் சோறு வைத்தார். சர்வேயர் கேட்காமலே வந்து உட்கார்ந்தார். அண்ணன் மனைவி கொதிக்கக் கொதிக்கக் குழம்புச் சட்டியைத் துணியில் பிடித்துக்கொண்டு வந்து, கேட்டைப் பார்த்தார். பிறகு வரப்புப் பக்கம் திரும்பினார்.

"அக்கா, சட்டியத் தூக்கீட்டு வரப்புல எங்கீங்க போறீங்க? வழுக்கி உழுந்துபோடுவீங்க!" தம்பி மனைவி இடுப்பிலிருந்த சாவியை உருவினார். பூட்டு திறந்தது. கேட்டும் திறந்தது. குழம்பு நேராகத் தடத்தின் வழியாக என் இலைக்கு வந்தது.

நான் முதல் கவளத்தைப் பிசைவதற்குள் அண்ணனின் வக்கீல் குதித்தார். "மேடம், நோட் பண்ணிக்கங்க! பிரதிவாதி வீட்டம்மாவே தடத்தைத் திறந்து வாதி வீட்டம்மாவ விட்டிருக்காங்க!"

"பாதகம் இல்லைன்னு மெமோ இருக்குதுங்க!" என்று தம்பியின் வக்கீல் கத்தினார்.

"அது சாப்பாட்டுக்குங்க. கேட்டுக்கு இல்லீங்க."

குழம்புக்குச் சட்டத்தில் என்ன இடம் என்று அவர்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். நான் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். கண்டதை மறைக்க முடியாது. எழுதினால், உப்பிட்ட இந்த அம்மாளின் வீட்டுக்காரர் வழக்கே ஆட்டம் கண்டுவிடும். பக்கத்தில் தம்பி இறுகிய முகத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"அம்மா, நான் இதை ரிப்போர்ட்ல எழுதியாகணுங்க," என்றேன்.

தம்பி மனைவி கணவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எழுதிக்கங்க கண்ணு. நாந்தான் தொறந்தேன்னே எழுதிக்கங்க. நான் தூக்கி வளத்த புள்ளைங்க அது. கூரைப்பொடவையோட அது வரப்புல நடந்து போறதப் பாத்துட்டு, எங்கூட்டு வாசல்ல நான் எப்படீங்க நிப்பேன்?"

குழம்புக் கரண்டியோடு நின்ற அண்ணன் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தம்பி கேட்டைப் பார்த்தார். பிறகு சர்வேயரிடம் கேட்டார். "ஏனுங்க, இந்தக் கேட்டு வளைவுல பொண்ணுக் கார் திரும்புமுங்களா?"

"கேட் இருந்தா கஷ்டமுங்க," என்றார் சர்வேயர், வாய் நிறையச் சோற்றோடு. "கழட்டீட்டா பஸ்ஸே திரும்புமுங்க."

தம்பி விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார். கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன். ஸ்பேனரோடு திரும்பி வந்து, நேராகக் கேட்டின் கீலில் கையை வைத்தார். அதுவரை தோப்போரம் நின்றிருந்த அண்ணன் ஓட்டமாக வந்து, கேட் சாய்ந்துவிடாமல் மறுபக்கம் தாங்கிப் பிடித்தார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சோற்றுக் கையோடு இதை ரிப்போர்ட்டில் எழுத முடியாதே என்று கை கழுவ ஓடினேன்.