மாமி விடாத பிழை

மாமி இறந்துபோன செய்தி, நான் மாத்தளை டியூஷன் வகுப்பில் இருந்தபோது வந்தது. வாப்பாதான் போனில் சொன்னார். எழுந்து, "சேர், எங்கட மாமி மௌத்தாம், போகணும்" என்றேன். வகுப்பே சிரித்தது. "போன மாசம் ஒரு மாமாவையும் இப்படித்தானே பொய்யா மௌத்தாக்கினே?" என்றான் ஒருவன். என் கண்ணைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு அடங்கியது.

ஸரீனா மாமி என் உம்மாவின் தம்பி மனைவி. உக்குவளையில் மாமாவிடம் நெல் வெட்டும் மெசின்கள் இரண்டு உண்டு. போகம் முடிந்ததும் பெட்டரிகளைக் கழற்றித் துடைத்து, காற்றோட்டமான அறையில் பலகை மேல் வைத்து, மாதம் தவறாமல் சார்ஜ் ஏற்றுவது மாமியின் பொறுப்பு. ஜனாஸா அடக்கத்தன்று மாமா எல்லோரிடமும் கலங்கிச் சொன்னார்: "இத்தன வருசத்துல ஒரே ஒரு பிழைதான் விட்டா. லக்கலையில மெசின் நின்டதே, அதுதான்."

அந்தப் பிழை மாமியுடையதல்ல, என்னுடையது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சார்ஜ் ஏறிய பெட்டரியில் மாமி சோக்கால் "நிறைவு" என்று எழுதுவார், ஏறாததில் "பசி". சில வருடங்களுக்கு முன், பள்ளி லீவுக்கு அங்கே தங்கியிருந்தபோது, ஒருநாள் அவருடைய தேத்தண்ணீரில் உப்புப் போட்டேன். மாமி முதுகில் தட்டிக் கடைக்கு அனுப்பினார். கடைத்தெருவில் மூன்று பேர் கூப்பிட்டு ரோல்ஸ் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன், முதுகில் "பசி" என்று கடதாசி ஒட்டியிருந்தது.

பழிக்குப் பழியாக, ஒரு பெட்டரியின் "பசி"யை அழித்து "நிறைவு" என்று எழுதினேன். மாமி ஏமாறுவதைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று திட்டம். மறுநாளே மறந்துவிட்டேன். அந்தப் பெட்டரிதான் லக்கலைக்குப் போனது.

வெட்டு நாள் காலையில் மாமா போனில் கத்தினார்: "மெசின் டிக் எண்டுது, அவ்வளவுதான்! மழை இருட்டுது. முந்தாநாள் யானையும் வந்திருக்கு. வயல்காரர் சோமபால ஐயா நெல்லப் பாத்துட்டு நிக்கிறாரு!"

மாமி என் முகத்தை ஒருதரம் பார்த்தார். "என் பிழைதான். வேற பெட்டரியோட வாறேன்" என்றார்.

பெட்டரியோடு மாமியும் நானும் ஏறியதும் பஸ் நடத்துநர் முறைத்தார். மாமி சிங்களத்தில் சொன்னார்: "நிமிர்ந்து இருந்தா இது வாந்தி எடுக்காது தம்பி. இந்தப் பையனுக்குத்தான் உத்தரவாதம் இல்ல." அமிலம் சிந்தாதபடி பிளாஸ்டிக் பேசினில் வைத்த பெட்டரியை லக்கலை வரை இருவரும் பிடித்துக்கொண்டே போனோம். மழைக்கு முன் வயல் வெட்டி முடிந்தது.

திரும்பும் வழியில், "உன் எழுத்து கோழி கிளறின மாதிரி இரிக்கி, மகன். கள்ள வேல செய்றதுன்னா அதையாவது பழகு" என்றார். அவ்வளவுதான். கடைசிவரை யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் அதன்பின், கண்ணாடிக் குழாயால் அமிலத்தை உறிஞ்சிச் சார்ஜை அளக்காமல் எந்தப் பெட்டரியும் வாசல் தாண்டியதில்லை.

நேற்று மாமாவிடம் எல்லாம் சொன்னேன். அறை வாங்கக் கன்னத்தையும் தயாராக வைத்திருந்தேன். மாமாவோ சோமபால ஐயாவுக்குப் போன் எடுத்தார். "அன்னைக்குப் பிழை என் மனுசிட இல்ல, ஐயா."

"தெரியும்" என்றார் அவர். "அன்னைக்கு அந்தப் பையன் சோறுகூடத் தின்னல்ல, அதுலயே விளங்கிச்சு. அவன ஏசவேணாம்ன்னு உங்கட நோனாதான் சொன்னாங்க. நெல் முத்திட்டுது, எப்ப வாறீங்க?"

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு" என்றார்.

மாமி கடைசியாகச் சார்ஜ் ஏற்றிய பெட்டரியை இன்று மெசினில் பூட்டினோம். சாவியின் முதல் திருப்பலிலேயே முற்றம் அதிர மெசின் உறுமியது. கூரைக் காகங்கள் பறந்தன. மாமா நிறுத்தவேயில்லை. இருவரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

உங்கள் பேரில் பிழை எதுவும் இல்லை, மாமி. நிம்மதியாகப் போங்கள். உங்கள் கப்றுக் குழியில் வெளிச்சம் குறையாதிருக்கட்டும்.